நான் பெண் பார்த்த காலண்டர்

ஒருவனுக்குக் கண் தெரியவில்லை என்றால், அவனுக்காகப் பார்க்கும் உரிமை ஊரில் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. என் சட்டை என்ன நிறம் என்று ஆத்தா பார்ப்பார். பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று டீக்கடைக்காரர் பார்ப்பார். பந்தியில் சாம்பாரில் கிடப்பது கத்தரிக்காயா முருங்கைக்காயா என்று பக்கத்து இலைக்காரர் பார்த்து, நான் கேட்காமலேயே அறிவிப்பார். எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் எதைக் காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்டாலும் "நல்லா இருக்கு" என்ற ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். கோயில் தேர் நல்லா இருக்கும். அக்காவின் கல்யாணப் புடவை நல்லா இருக்கும். என் மூக்கில் முளைத்த பருவும் நல்லா இருக்கும்.

அதனால் எனக்கு ஒரு ஆசை இருந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்தையாவது யாரும் எடுத்துச் சொல்லாமல் நானே பார்த்துவிட வேண்டும். அந்த ஆசையோடு ஒரு முறை பெண் பார்க்கப் போனேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆறு வயதில் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது என் பார்வையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதற்கு முன் பார்த்தவற்றில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். ஆத்தாவின் முகம், முந்திரிப் பழத்தின் மஞ்சள், அப்பா ஓட்டிய மொபெட்டின் சிவப்பு. இப்போது அன்னவாசல் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். அந்த வேலைக்கான தேர்வுக்குப் படித்த காலத்தில்தான் வளர்மதி என் காதுக்குள் வந்தார்.

பார்வையற்ற மாணவர்களுக்காகப் புத்தகத்தை வாசித்துப் பதிவுசெய்து அனுப்பும் தன்னார்வலர்கள் உண்டு. எனக்கு வாய்த்தவர் வளர்மதி. ஆவுடையார்கோவில்காரர், கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து எனக்காக வரலாற்றுப் புத்தகங்களைப் போனில் வாசித்து அனுப்புவார். ஒவ்வொரு பாடத்துக்கு முன்னாலும் தொண்டையை ஒரு முறை செருமிக்கொள்வார். நடுவில் படம் வந்தால் மற்ற வாசிப்பாளர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். இவர் மட்டும் "படம்" என்று நிறுத்துவார். யானை எந்தப் பக்கம் பார்க்கிறது, ராஜாவுக்குத் தொப்பை இருக்கிறதா, பின்னால் நிற்பவன் எதற்காக முறைக்கிறான், எல்லாம் சொல்வார். படம் மங்கலாக இருந்தால், "படம், அச்சுல தெளிவா இல்ல. அடுத்த பக்கம் போவோம்" என்பார். 'நல்லா இருக்கு' என்று ஒரு முறைகூடச் சொன்னதில்லை. ஒருவர் மேல் பிரியம் வைக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

மொகலாயர்கள் அவர் குரலில்தான் வந்தார்கள், அவர் குரலில்தான் ஆண்டார்கள், அவர் குரலில்தான் வீழ்ந்தார்கள். அவர்கள் வீழ்ந்தபோது எனக்கு அழுகை வந்தது. (பாடம் முடிகிறதே என்ற துக்கம்தான். மொகலாயர்களுக்காக இல்லை.)

தேர்வில் பாஸாகி வேலை கிடைத்ததும் நன்றி சொல்லப் போன் செய்தேன். அந்த நன்றியைச் சொல்லி முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கடைசியில் ஒரு நாள் கேட்டேவிட்டேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"வீட்டுக்கு வாங்க. அப்பாகிட்ட நான் பேசி வைக்கிறேன். அவருக்கு ஒரே ஒரு பயந்தான்."

"என்ன பயம்?"

"நீங்க தனியா எப்படிச் சமாளிப்பீகன்னு. நேர்ல ஒரு தடவ பாத்தாருன்னா தெளிஞ்சுருவாரு."

அவர் கேட்டது அவ்வளவுதான். நேரில் வரச் சொன்னார். நான் அதோடு நிறுத்திக்கொள்ளாமல் மேற்கொண்டு ஏற்பாடுகள் செய்யக் கிளம்பினேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் பார்வையற்ற பட்டதாரிகள் சங்கத்துக்கு நான் செயலாளர். (தலைவர் பதவிக்குப் பலத்த போட்டி இருக்கும். செயலாளர் பதவியை யார் அசந்து உட்கார்ந்திருக்கிறாரோ அவர் தலையில் கட்டிவிடுவார்கள்.) திருமயம் பக்கத்துக்காரர் ஒருவர், சென்னையில் பெரிய வியாபாரம் செய்பவர், சங்கத்து உறுப்பினர் எல்லோருக்கும் நவீனக் கருவி ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னார். எந்தக் கருவி என்பதைச் சங்கமே சோதித்து முடிவுசெய்யட்டும் என்றும் சொல்லிவிட்டார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார். அதன் விளைவாக இரண்டு கம்பெனிகள் என் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தன.

பெயர்கள் வேண்டாம். (இரண்டு இடத்திலும் எனக்கு இன்னும் சார்ஜர் மாற்ற வேண்டியிருக்கிறது.) ஒன்று கோயம்புத்தூர்க் கம்பெனி. அவர்கள் செய்வது ஸ்டிக். நாங்கள் வழக்கமாக வைத்திருக்கும் வெள்ளை ஸ்டிக்தான், ஆனால் கைப்பிடியில் ஒரு சென்சார் இருக்கும். பக்கத்தில் ஏதாவது தடை இருந்தால் கைப்பிடி அந்தப் பக்கமாக அதிரும். தடை நெருங்கினால் கீ கீ என்று கத்தும். அந்தக் கம்பெனியின் ஆள் சேவியர். இன்னொன்று பெங்களூர்க் கம்பெனி. அவர்கள் செய்வது மூக்குக் கண்ணாடி. அதில் இருக்கும் கேமரா எதிரில் உள்ளதைப் பார்க்கும். பார்த்ததைக் காதுக்குள் தமிழில் சொல்லும். அந்தக் கம்பெனியின் ஆள் கார்த்தி.

இரண்டு பேரும் ஆளுக்கொரு கருவியைச் சோதனைக்கென்று என்னிடம் கொடுத்துவிட்டு, பிறகு என்னை விடவே இல்லை. சேவியர் பள்ளிக்கூட வாசலில் பைக்கோடு நின்றால், மறுநாள் கார்த்தி கம்பெனிக் காரோடு நிற்பார். சேவியர் ஆத்தாவுக்கு மணப்பாறை முறுக்கு வாங்கி வந்தார். அதைக் கேள்விப்பட்ட கார்த்தி பால்கோவா வாங்கி வந்தார். ஆத்தா இரண்டு பக்கமும் சாப்பிட்டுவிட்டு யாருக்கும் பிடிகொடுக்காமல் இருந்தார்.

"சார், மழை பெஞ்சா கண்ணாடி என்னத்தப் பாக்கும்? நம்ம ஸ்டிக்கு சேத்துலயும் நிக்கும்" என்பார் சேவியர்.

"சார், ஸ்டிக்கு முன்னால ஏதோ இருக்குன்னு மட்டுந்தான் சொல்லும். அது மாடா மாமனாரான்னு நம்ம கண்ணாடிதான் சொல்லும்" என்பார் கார்த்தி.

மாமனார் என்ற சொல் என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கையில் அந்த ஸ்டிக், முகத்தில் இந்தக் கண்ணாடி. யார் கையையும் பிடிக்காமல் வளர்மதியின் வீட்டுக்குள் நடந்து போக வேண்டும். அவர் வந்து நிற்கும் திசை அறிந்து எழுந்து நின்று, நேருக்கு நேராக நானே பேச வேண்டும். அதைப் பார்த்து அவர் அப்பாவின் பயம் பறந்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வளர்மதியைப் பற்றி எனக்கு யாரும் 'நல்லா இருக்கு' என்று சொல்லக் கூடாது. அந்த முகம் எனக்கு நேராக வர வேண்டும். வகுப்பில் பானிப்பட் போரை நடத்தும்போதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று இப்போது நினைத்தாலும் அந்த மடையன் மேல் எனக்கு இரக்கம்தான் வருகிறது.

போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஆத்தா ஆள்கணக்குப் பார்த்தார். நான், ஆத்தா, ஆத்தாவின் தம்பி பெரியசாமி மாமா.

"மூணு பேராப் போனா காரியம் ஆகாதுடா" என்றார் ஆத்தா.

"அப்ப இன்னொருத்தரக் கூட்டிக்கிருவோம்."

"பொண்ணு பாக்க ஒத்தப்படையாத்தான் போகணும். அஞ்சு பேரு வேணும்."

அங்கேதான் சிக்கல். அப்பா இல்லை. அக்காவுக்குப் பிரசவ நேரம். பங்காளிகளைக் கூப்பிட்டால் காரியம் நடக்காவிட்டாலும் செய்தி நடந்துவிடும். "ஆகலைன்னு வையி, நம்ம அறந்தாங்கி தாண்டுறதுக்குள்ள ஊருபூராம் பரப்பிருவாக" என்றார் ஆத்தா. அந்த நேரத்தில் வாசல் பக்கம் இரண்டு குரல்கள், யாருடைய பேட்டரி அதிக நேரம் நிற்கும் என்று வாதாடிக்கொண்டிருந்தன. பெரியசாமி மாமா கொஞ்ச நேரம் அதைக் காது கொடுத்துக் கேட்டார்.

"அக்கா, அந்தா அங்கிட்டு ரெண்டு பேரு சும்மாத்தான நிக்கிறாக."

இப்படித்தான் சேவியர் எனக்குப் பெரியப்பா மகனும், கார்த்தி சித்தப்பா மகனும் ஆனார்கள். மறுநாள் காலையில் மாமா சேவியரின் நெற்றியில் திருநீறு பூசி, அங்கே போய்ச் சேகர் என்று சொல்லிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். இரண்டு பேருமே மறுப்புச் சொல்லவில்லை. தன் கருவி ஜெயிப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். அதைவிட முக்கியம், மற்றவருடைய கருவி தோற்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம்.

கார்த்தியின் காரில் கிளம்பினோம். புதுக்கோட்டை தாண்டி, அறந்தாங்கி தாண்டி, வழிநெடுகக் கண்ணாடி என் காதுக்குள் வாசித்துக்கொண்டே வந்தது. "சாலை. மரம். சாலை. ஆடு. சாலை." பின்சீட்டில் ஆத்தாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் நசுங்கி உட்கார்ந்திருந்த சேவியர், ஸ்டிக் இப்படியெல்லாம் தொணதொணக்காது என்று மெதுவாகச் சொன்னார்.

வளர்மதியின் வீட்டு வாசலில் இறங்கியதும் மாமா கையை நீட்டினார். வேண்டாம் என்றேன். ஸ்டிக்கின் பேச்சைக் கேட்டு ஒரு சைக்கிளைச் சுற்றிப் போய், படி ஏறி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். "ஆண். வெள்ளைச் சட்டை" என்றது கண்ணாடி. அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்து வணக்கம் சொன்னேன்.

"பரவால்லயே, தானாவே வாராக" என்றார் வெள்ளைச் சட்டை. வளர்மதியின் அப்பா. நெல் வியாபாரி, மெதுவான குரல்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. (சாதாரண ஸ்டிக்கோடு இதே மாதிரி எத்தனை வீட்டுப் படி ஏறியிருக்கிறேன் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.) அப்போதே இரண்டு கருவிகளையும் கழற்றிக் காரில் போட்டிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

கூடத்தில் உட்கார்ந்தோம். மழை பற்றியும் நெல் விலை பற்றியும் பேச்சு நடந்தது. பிறகு மாமா, "பொண்ண வரச் சொல்லுங்க" என்றார்.

உள்ளே ஒரு கதவு திறந்தது. அதற்குப் பிறகு எனக்கு எதுவும் கேட்கவில்லை. கண்ணாடி பேச ஆரம்பித்துவிட்டது. "நாற்காலி. நாற்காலி. ஜன்னல். மேசை. நாற்காலி." நான் திட்டப்படி எழுந்து நின்றேன். கைப்பிடி இடது பக்கம் அதிர்ந்தது. இடது பக்கம் அதிர்ந்தால் வலது பக்கம் ஒதுங்க வேண்டும், சேவியர் சொல்லிக்கொடுத்த பாடம். ஒதுங்கினேன். தடை என் பின்னாலேயே வந்தது. ஸ்டிக் கீ கீ என்று கத்தியது. இன்னும் ஒதுங்கினேன். அப்போது கண்ணாடி தன் புத்தகத் தமிழில் நிறுத்தி நிதானமாகச் சொன்னது:

"எதிரில் ஒரு பெண். பட்டுப் புடவை. நகைகள் அணிந்திருக்கிறார். புன்னகைக்கிறார்."

புன்னகைக்கிறார். இந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தேன். என்னைப் பார்த்து ஒருவர் சிரிப்பது, யாரும் முழங்கையால் இடித்துச் சொல்லாமல், எனக்கே முதலில் தெரிந்திருக்கிறது. (மிஷின் சொன்னதை யாரும் சொல்லாத கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.) ஒரு வாரமாகக் குளியலறையில் ஒத்திகை பார்த்த பேச்சைத் தொடங்கினேன்.

"வளர்மதி, நான் நெறையாப் பேச மாட்டேன். ஒங்க குரல்லதான் நான் படிச்சேன். ஒங்க குரல் இல்லாத வீடு எனக்கு வீடு மாதிரியே தெரியல. ஒங்களுக்குச் சம்மதமா?"

பதில் இல்லை. வெட்கம் என்று நினைத்தேன்.

"அவசரம் ஒண்ணும் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

"புன்னகைக்கிறார்" என்றது கண்ணாடி. நானும் புன்னகைத்தேன். கூடம் முழுவதும் மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் இருந்தது. என் பேச்சு எல்லோரையும் உருக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பெரியசாமி மாமா வந்து தோளைத் தொட்டார். "மாப்ள, அது காலண்டரு."

நகைக்கடைக் காலண்டர். ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி எல்லாம் போட்ட பெண் அதில் சிரித்துக்கொண்டிருந்தாராம். வளர்மதி நின்றது என் இடது பக்கம், கையில் காபித் தட்டோடு. நான் ஒதுங்க ஒதுங்க, காபியைக் கொடுப்பதற்காகப் பின்னாலேயே வந்திருக்கிறார். நான் போய்ச் சேர ஆசைப்பட்ட ஒரே ஆளை ஒரு கம்பெனி தடை என்று சொன்னது. இன்னொரு கம்பெனிக்கு அவர் கண்ணிலேயே படவில்லை.

வளர்மதியின் அப்பா நல்ல மனிதர். "இருக்கட்டும் தம்பி, உக்காருங்க. புது மிஷினு, பழகணும்ல" என்றார். பேச்சை மாற்றுவதற்காக, "அது பேசுறது எங்களுக்கும் கேக்குமா?" என்று கேட்டார்.

கார்த்தி இதற்காகவே காத்திருந்தவர் போல ஓடி வந்து கண்ணாடியை ஸ்பீக்கரில் போட்டார். என் தலையைப் பிடித்து வளர்மதியின் அப்பா பக்கம் திருப்பினார்.

"ஆண். வயது சுமார் எழுபத்தைந்து. கோபமாக இருக்கிறார்."

அவருக்கு அறுபதுகூட ஆகவில்லை. கார்த்தி அவசரமாக என் தலையை மாமா பக்கம் திருப்பினார். "மூட்டை" என்றது கண்ணாடி. கார்த்தி இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

"பெண். வயது சுமார் முப்பது."

ஆத்தா தலைப்பை இழுத்துச் சரிசெய்யும் சத்தம் கேட்டது. "இது நல்ல மிஷினாத்தான்டா தெரியுது" என்றார். நான் கடைசியாகப் பார்த்தபோது ஆத்தாவுக்கு அந்த வயதுதான். எனக்குள் இருக்கும் ஆத்தா அதற்கு மேல் ஒரு நாள்கூட மூப்படையவில்லை. அந்த ஒரு விஷயத்தில் எனக்கும் கண்ணாடிக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

சேவியருக்கு இதற்கு மேல் பொறுக்கவில்லை. "ஆளத் தப்பாச் சொன்னது கண்ணாடிதாங்க. ஸ்டிக்கு சரியாத்தான் சொல்லுச்சு, எடது பக்கம் ஆளு நிக்குதுன்னு."

"ஆளுன்னா சொல்லுச்சு? தடைன்னுல்ல சொல்லுச்சு" என்றார் கார்த்தி. "கல்யாணப் பொண்ணத் தடைங்குது, அத ஒரு மிஷினுன்னு தூக்கிட்டு வந்துட்டாக."

மாமா பலமாக இருமினார். வளர்மதியின் அப்பா மறுபடியும் எல்லோரையும் காப்பாற்றப் பார்த்தார். "எங்க அண்ணனுக்கும் சக்கரையினால பார்வை மங்கிக்கிட்டே வருது. இந்த மாதிரி ஏதாச்சும் அவருக்கு ஒதவுமான்னு யோசிக்கிறேன்."

வேறு யாராக இருந்தாலும் 'அடப் பாவமே' என்றிருப்பார்கள். என் பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் சட்டைப் பையில் கைவிட்டு, ஆளுக்கொரு விசிட்டிங் கார்டை நீட்டினார்கள்.

அவர் இரண்டையும் வாங்கி, சத்தமாகவே வாசித்தார். கோயம்புத்தூர். மண்டல விற்பனை மேலாளர். சேவியர். பெங்களூர். விற்பனை அலுவலர். கார்த்தி.

"தம்பி, இவுக ஒங்க சொந்தக்காரகதானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆத்தா பதில் சொன்னார். "மூணு பேரா வரக் கூடாதுல்லங்க."

"அது சரிதான்" என்றார் அவர். அந்த நியாயம் அவருக்கும் புரிந்தது. "ஆனா..." என்று தொடங்கி, அதை முடிக்காமல் விட்டார்.

அந்த அமைதியில் ஒரு செருமல் கேட்டது.

"படம்" என்றார் வளர்மதி.

கண்ணாடியைக் கழற்றினேன். அது இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அணைத்துப் பையில் போட்டேன்.

"ஒரு கூடம். சொவத்துல நகைக்கடை காலண்டரு, போன மாசத்த இன்னும் கிழிக்கல. ஒரு அம்மா பச்சைச் சேலை கட்டியிருக்காங்க, மூக்க உறிஞ்சிக்கிட்டு இருக்காங்க. பக்கத்துல ஒருத்தர், வேட்டியில காபி சிந்தியிருக்கு, இன்னும் கவனிக்கல. ரெண்டு பேரு நிக்கிறாங்க. கார்டக் குடுத்த கைய ரெண்டு பேருமே இன்னும் மடக்கல. எங்கப்பா நிக்கிறாரு. கோவமெல்லாம் இல்ல, பயந்து போயிருக்காரு. நடுவுல ஒருத்தர், ஊதாச் சட்டை. சட்டையில ஒரு பட்டன் மாத்திப் போட்டிருக்காரு. ரொம்ப வேர்த்திருக்கு."

பட்டனைப் பற்றி அதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நல்லா இருக்கு என்றுதான் சொல்லியிருந்தார்கள். கூடத்தில் எல்லோரும் வந்தாயிற்று. மிச்சம் ஒருவர்தான்.

"பொண்ணு" என்றார். நிறுத்தினார். ரொம்ப நேரம் நிறுத்தினார். "பொண்ணு, அச்சுல தெளிவா இல்ல. அடுத்த பக்கம் போவோம்."

உள்ளே போய்விட்டார். கதவு சாத்தும் சத்தம் இந்த முறை எனக்கு நன்றாகக் கேட்டது.

"யோசிச்சுச் சொல்லி விடுறோம்" என்றார் அவர் அப்பா. திரும்பும்போதும் ஒற்றைப்படையாக ஐந்து பேர் அதே காரில்தான் வர வேண்டியிருந்தது. சேவியர், கண்ணாடியில் படத்தையும் ஆளையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி செய்ய வேண்டும் என்றார். கார்த்தி, ஸ்டிக்குக்கு ஆளுக்கும் தூணுக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார். போட்டி ஆரம்பித்த நாளிலிருந்து இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொன்ன முதல் உருப்படியான யோசனை அதுவாகத்தான் இருக்கும்.

சில நாள் கழித்து வளர்மதியின் அப்பாவிடமிருந்து மாமாவுக்குப் பதில் வந்தது. "பையன் நல்ல பையந்தான். ஆனா தனியாச் சமாளிப்பாகன்னு காட்டுறதுக்கே இத்தன ஆளும் இத்தன மிஷினும் வேண்டியிருக்கேங்க" என்றாராம்.

வளர்மதிக்குப் போன் செய்தேன். அப்பாவிடம் இன்னொரு முறை பேசிப் பார்க்க முடியுமா என்று கேட்டேன்.

"அப்பாவ நான் சமாதானப்படுத்திருவேன்" என்றார். "நாந்தான் பயந்துட்டேன். அன்னைக்கு ஒங்க பக்கத்துல வந்து நின்னு தொண்டையச் செருமுனேன். ரெண்டு தடவ. போன்ல செருமுன ஒடனே 'வளர்மதியா'ம்பீக. அன்னைக்கு நான் கையெட்டுற தூரத்துல நிக்கிறேன், நீங்க திரும்பவே இல்ல."

"கண்ணாடி பேசிக்கிட்டே இருந்துச்சு" என்றேன்.

"தெரியும்" என்றார். "எப்பவும் ஏதாச்சும் ஒண்ணு பேசிக்கிட்டுத்தான் இருக்கும்."

போனை வைத்துவிட்டு அழுதேன். ஆத்தா வந்து நின்று, "என்னடா, எப்படி இருக்க?" என்றார். நல்லா இருக்கேன் என்றேன்.

வளர்மதிக்கு அடுத்த தையில் கல்யாணம் ஆனது. இப்போது திருப்பூரில் இருக்கிறார், ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தைக்குக் கதைப் புத்தகம் வாசிக்கும்போது படங்களைத் தாண்டிப் போக மாட்டார் என்று நிச்சயமாகத் தெரியும். அதை நினைத்தால் சந்தோஷமாகவும் இருக்கிறது, பொறாமையாகவும் இருக்கிறது.

சங்கத்தில் பாதிப் பேர் ஸ்டிக் கேட்டார்கள், பாதிப் பேர் கண்ணாடி கேட்டார்கள். சென்னைக்காரர் அவரவர் கேட்டதையே வாங்கிக் கொடுத்துவிட்டார். போட்டி முடியும் என்று நினைத்தேன், முடியவில்லை. கொஞ்ச நாளில் சேவியரைப் பெங்களூர்க் கம்பெனி இழுத்துக்கொண்டது, கார்த்தியைக் கோயம்புத்தூர்க் கம்பெனி இழுத்துக்கொண்டது. எதிராளியின் குறைகள் அத்தனையும் தெரிந்தவர்கள் என்பதால் இருக்கலாம். இப்போது சேவியர் கண்ணாடியை விற்கிறார், கார்த்தி ஸ்டிக்கை விற்கிறார், முன்பு திட்டியதையெல்லாம் இடம் மாற்றித் திட்டுகிறார்கள். கருவிகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இரண்டும் ரொம்பவே தேறிவிட்டன. அவற்றை நம்பித்தான் இப்போது திருச்சி வரை தனியாகப் போய்வருகிறேன். அன்றைக்கு அவை மக்கு, அவற்றைவிட நான் பெரிய மக்கு.

எங்கள் வீட்டில் இந்தக் கதை இன்னும் அடங்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் பெரியசாமி மாமா அறந்தாங்கி வரை போய் அதே நகைக்கடைக் காலண்டரை வாங்கி வந்து எங்கள் கூடத்தில் மாட்டுகிறார். படத்தில் பெண் மாறிக்கொண்டே இருப்பதால் ஆத்தாவுக்கு வருஷத்துக்கு ஒரு மருமகள். விருந்தாளி யார் வந்தாலும், "மருமகளப் பாத்தீகளா, எதுத்து ஒரு வார்த்த பேசுனதில்ல" என்று கைகாட்டுவார். எங்கேயாவது கிளம்பும்போது மூன்று பேராக அமைந்துவிட்டால், "கம்பெனிக்காரகளக் கூப்பிடு" என்பார் அக்கா. புது மாடல் வந்தால் சேவியர் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார். அவர்கள் கம்பெனியில் இதற்குப் பெயரே காலண்டர் டெஸ்ட்தானாம். அங்கே வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு, ஏன் அந்தப் பெயர் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

போன மாதம் வந்த மாடலை மாட்டிக்கொண்டு சுவருக்கு நேராக நின்றேன். ஆத்தா, மாமா, சேவியர் எல்லோரும் பின்னால் நின்றார்கள்.

"சுவரில் ஒரு நாட்காட்டி. அதில் ஒரு பெண்ணின் படம். படத்தில் இருப்பவர் புன்னகைக்கிறார்."

சேவியர் கைதட்டினார். மாமா என் முதுகில் தட்டினார். ஆத்தா, "இந்த அறிவு அன்னைக்கு இருந்திருக்கக் கூடாதா" என்றார். கண்ணாடியைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, போனில் பழைய பாடம் ஒன்றைப் போட்டேன். அந்தப் பதிவுகள் எதையும் நான் அழிக்கவில்லை. தேர்வு முடிந்து இத்தனை வருஷமாகியும் மொகலாயர்கள் எனக்கு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். முதலில் ஒரு செருமல் கேட்டது. போன் இருந்தது என் வலது கையில். நான் இடது பக்கம் திரும்பினேன்.